அலமாரிக் கதவில் ஒட்டிய கிராஃப்

மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் நான் செய்த முதல் காரியம், மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நிறுத்தியதுதான். அல்சூர் ஏரிக்கரை நடைபாதையில் மல்லாந்து கிடக்கிறேன். முழங்கையில் ரத்தம். வாக்கிங் வந்த இரண்டு பேர் குனிந்து நின்று, ஒருவர் கன்னடத்திலும் இன்னொருவர் தமிழிலும் தண்ணீர் கேட்டுக் கத்துகிறார்கள். எனக்கோ வேறு கவலை. விழுந்து கிடந்த நேரமும் ஓட்டத்தோடு சேர்ந்துவிட்டால் இன்றைய கணக்கு கெட்டுவிடுமே! வெட்கத்தை விட்டு இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே எங்கள் பேட்டையான ஜோகுபாளையம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். இனி மறைத்தும் பயனில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பத்தாறு. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாவது, பத்தாவதுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மே மாதம் நடந்ததை ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை, மாதா கோயில் வாசலில் ஒருமுறை, மாவு மில்லில் ஒருமுறை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் படித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டிவிடலாம். முக்கியமாக, கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் படிக்க வேண்டும்.

நான் ஓட ஆரம்பித்ததே ரோஷத்தில்தான். ஆறு வருடத்துக்கு முன் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் டீச்சர்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நான் கடைசி. கடைசியாக வந்ததுகூடப் பரவாயில்லை, ஒன்பதாவது பிள்ளைகள் எழுந்து நின்று எனக்குக் கைதட்டினார்கள். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளே கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் போய் ஷூ வாங்கிவிட்டேன். ஏரியைச் சுற்றி ஓடினேன். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பது என்று ஒரு குறி வைத்தேன். எத்தனை முயன்றும் அறுபத்து மூன்று நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. அந்த மூன்று நிமிடம் ஆறு வருடமாக என் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

எதையும் அளக்காமல் என்னால் இருக்க முடியாது. வேலை அப்படி, புத்தியும் அப்படி. ராத்திரி ஜெபமாலையைக்கூட நான் விறுவிறுவென்று சொல்கிறவள். ஒருநாள் என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பதினோரு நிமிஷம். மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும்" என்றார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான் பேசுவார்.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுவேன். அதை கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். நன்றாக ஓடுகிறவர்களுக்கு ஓய்வில் இருக்கும்போது நாடி மெதுவாகத் துடிக்கும். இதயம் பலமாகிவிட்டதால் ஒரு துடிப்பிலேயே அதிக ரத்தம் தள்ளிவிடும், அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை. இது எல்லா ஓட்டக்காரர்களுக்கும் தெரியும், எங்களுக்குள் இதில் ஒரு போட்டியே உண்டு. என் கோடு இரண்டு வருடத்தில் ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பதுக்கு வந்தது. பிறகு நாற்பத்து நான்கு. ஏப்ரலில் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு வந்த அன்று வீட்டில் கேசரி செய்தேன்.

கேசரியைத் தின்றுகொண்டே ஆரோக்கியராஜ் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஸ்டெல்லா, எங்க டிப்போல வண்டி ஐட்லிங் இவ்ளோ கொறஞ்சா நாங்க கேசரி கிண்ட மாட்டோம். பானட்ட தொறந்து பாப்போம்."

"நான் என்ன பஸ்ஸா?"

"பஸ்ஸா இருந்தா இந்நேரம் ஷெட்ல ஏத்தியிருப்பேன்."

நானும் மகள் அனிதாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அனிதா காலேஜில் இரண்டாவது வருடம் படிக்கிறாள். அவள் அன்றைக்குச் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை, அதைப் பற்றிப் பேசினால் முகம் மாறிவிடுகிறது.

விழுந்த அன்று என்னை ஆட்டோவில் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் மார்பிலும் கைகாலிலும் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார். இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் சோதனை அது. நானே வருடா வருடம் அலைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள், எட்டிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

"பல்ஸ் முப்பத்தி நாலு இருக்கு" என்றார் அவர்.

"நான் ரன்னர் டாக்டர்" என்றேன். குரலில் பெருமை இருந்தது. "ரெகுலரா ஓடுறேன். அதான் கம்மியா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். திரும்பி வரும்போது அவரோடு நான்கு பேர் வந்தார்கள். அந்த நான்கு பேரைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. ஆரோக்கியராஜ் டிப்போவிலிருந்து கிரீஸ் கையோடு வந்து சேர்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அந்தக் கறை என் உள்ளங்கையில் இரண்டு நாள் இருந்தது.

இதய மருத்துவர் ஒரு கன்னடக்கார அம்மா. எங்களோடு நல்ல தமிழில் பேசினார், நடுநடுவே 'கொஞ்சம்' என்பதற்குக் கன்னடத்து "ஸ்வல்ப" வந்து விழும். எனக்கு வந்திருப்பது முழு இதய அடைப்பு என்றார். அடைப்பு என்றதும் ரத்தக் குழாயில் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன், நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். அது இல்லை. இது மின்சாரம் போகும் பாதையில் வரும் அடைப்பு. இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கீழ் அறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். எனக்கு அந்த உத்தரவு இடையிலேயே நின்றுபோகிறது. எங்கள் பள்ளிக் கணக்கில் சொன்னால், மாடியில் ஹெட்மிஸ்ட்ரஸ் மணி அடிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், கீழே பியூனுக்குக் காது கேட்கவில்லை. அவர் தன் இஷ்டத்துக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நிதானத்துக்குத்தான் நான் கேசரி செய்தது.

"அந்த கீழ் அறை தானா துடிக்கிறதை நம்ப முடியாது மேடம்" என்றார் டாக்டரம்மா. "எப்ப வேணா நிக்கலாம். இன்னிக்கு அது ஸ்வல்ப நேரம் நின்னதுனாலதான் நீங்க விழுந்தீங்க."

எத்தனை நொடி நின்றிருக்கும் என்று கேட்டேன். அப்போதும் எனக்கு எண்தான் வேண்டியிருந்தது.

அன்றே கழுத்தின் வலதுபக்கம் ஒரு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரை செலுத்தி, வெளியே ஒரு சிறிய பெட்டியோடு இணைத்தார்கள். நிரந்தரக் கருவி வைக்கும்வரை பியூனுக்குப் பதில் அந்தப் பெட்டி மணி அடித்துக்கொண்டிருக்கும். இதயப் பிரிவின் தீவிர சிகிச்சை அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். தலையை ஆட்டக்கூடாது. தலைமாட்டில் மானிட்டர், அதில் பச்சை எழுத்தில் எழுபது. அரை மணி கழித்துப் பார்த்தாலும் எழுபது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்னுடைய எண்ணே இல்லை அது, அந்தப் பெட்டியின் எண். ஆனாலும் கண்ணைக் கோணலாக்கிக்கொண்டு அதையே பார்த்தேன். கழுத்து வலித்தது. பணியிலிருந்த சிஸ்டர் கேரளாக்காரர், இரண்டு முறை பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது முறை மானிட்டரை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்.

"டீச்சரே, அது எங்களுக்கு உள்ளது. நிங்கள் கண்ணை மூடி உறங்கணும்."

அதற்குப் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. கூரையில் ஒரு ஏசி துவாரம், அவ்வளவுதான். அப்போதுதான் அழுதேன். சாகப் பயமாக இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், நான் தைரியசாலி இல்லை. அனிதாவின் படிப்பு முடியவில்லை. ஆரோக்கியராஜுக்குத் தன் பனியன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொரு பயமும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. இனிமேல் ஓட முடியாதோ? இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனுஷிக்கு இதுவா கவலை என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. கோபம் வந்தும் அந்தக் கவலை போகவில்லை.

அடுத்த இரண்டு நாளும் சோதனைகள். எக்கோ என்பது கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் போலத்தான், குழந்தைக்குப் பதில் இதயம் அசைவதைப் பார்க்கலாம். மணிக்கட்டு வழியாகச் சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்கள், அவை சுத்தமாக இருந்தன. ரத்தம் எத்தனை குப்பி எடுத்தார்களோ! இந்த வயதில் இது ஏன் வந்தது என்று தேடினார்கள். கடைசியில், சிலருக்குக் காரணம் தெரியாமலேயே அந்த மின்பாதை தேய்ந்துபோகிறது, ஓடியதால் வந்ததாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆரோக்கியராஜ் அதைக் கேட்டுத் தலையாட்டினார். வயரிங் பழுது அவருக்குப் புதிதில்லை.

அவரும் அனிதாவும் வெளியே இருந்த காத்திருப்பு அறையின் இரும்பு நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் விடுவார்கள். வரும்போதெல்லாம் ஆரோக்கியராஜ் ஒரு தகவல் கொண்டுவருவார். "உன் ஷூவை தொவச்சி மாடில காய வெச்சிருக்கேன்." இன்னொரு நாள், "லேஸ் ஒண்ணு பிஞ்சிருந்துச்சு, மாத்திட்டேன்." அவ்வளவுதான் அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

டாக்டரம்மா ஒரு காலை, "எவ்ளோ நாளா பல்ஸ் கம்மியாகிட்டு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். ஞாபகமா! கிராஃப் இருக்கிறதே! அனிதாவை வீட்டுக்கு அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். அப்போதும் கொஞ்சம் கர்வம் மிச்சமிருந்தது, என்னைப்போல் கணக்கு வைத்திருக்கும் நோயாளி அவருக்குக் கிடைத்திருக்கமாட்டாள் என்று.

அனிதா போய் இரண்டு தாள்களோடு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

ஒன்று அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. இன்னொன்றை நான் அதே அலமாரியில் பட்டுப் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். அது என் பத்து கிலோமீட்டர் நேரங்களின் கிராஃப். கதவில் ஒட்டியதில் கோடு அழகாகக் கீழே இறங்கியது. புடவைக்கு அடியில் இருந்ததில் கோடு மேலே ஏறியது. அறுபத்து மூன்று, அறுபத்தாறு, எழுபது, எழுபத்து நான்கு. போன ஒரு வருடமாக நான் மெதுவாகிக்கொண்டே வந்தேன். மாடிப்படி ஏறும்போது இரண்டு முறை கண் இருட்டியது. வயசு, சோம்பல், சரியான பயிற்சி இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக ஓடினேன். யாருக்கும் காட்ட வெட்கமாக இருந்ததால் அந்தத் தாளை ஒளித்துவிட்டேன்.

அனிதா இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தாள். வெளிச்சத்தில் இரண்டு கோடுகளும் ஒரே தாளில் இருப்பதுபோல் தெரிந்தன. இதயம் பலமானால் நாடி குறையும்போது வேகம் கூட வேண்டும். எனக்கு நாடியும் குறைந்தது, வேகமும் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் பத்தாவது படிக்கும் பிள்ளைகூடக் கேள்வி கேட்டிருக்கும்.

"கதவுல இருந்தத மட்டும் காட்டியிருந்தா நானும் அத்லீட் ஹார்ட்னு சொல்லி அனுப்பியிருப்பேனோ என்னவோ" என்றார் டாக்டரம்மா. "ரெண்டையும் எடுத்துட்டு ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும் நீங்க."

அவர் போனபிறகு அனிதா என்னைப் பார்த்தாள்.

"மம்மி, மார்க் கொறஞ்ச பேப்பர வீட்ல காட்டாம ஒளிச்சு வெக்கிற பிள்ளைங்களுக்கு உங்க ஸ்கூல்ல என்ன பனிஷ்மென்ட்?"

"பேரன்ட்ஸக் கூட்டிட்டு வரச் சொல்லுவேன்."

"தாத்தா பாட்டி ரெண்டு பேரும் கல்லறைல இருக்காங்க. பொழச்சீங்க" என்றாள். சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். கழுத்தில் கம்பி இருந்ததால் அவளைக் கட்டிப்பிடிக்க முடியவில்லை, சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் ஒரு சின்னப் பை செய்து, தீப்பெட்டியை விடச் சற்றுச் சிறிய கருவியை உள்ளே வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு கம்பிகள் இதயத்துக்குள். மேல் அறையின் உத்தரவை ஒரு கம்பி கேட்கும், இன்னொரு கம்பி கீழ் அறைக்குச் சொல்லும். விழித்துக்கொண்டுதான் இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இந்த வருடம் ராமநகர மாம்பழம் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாம்பழம் பேசும் அளவுக்கு எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"டாக்டர், நான் ஓடலாமா?"

"ஆறு வாரம் கழிச்சு ஸ்பீடா நடங்க. அப்புறம் மெதுவா ஓடலாம்."

எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் அவர் இன்னொன்றையும் சொன்னார். நான் ஓடும்போது மேல் அறை எத்தனை வேகமாகச் சொல்கிறதோ, அத்தனை வேகமாகக் கருவி கீழ் அறையைத் துடிக்க வைக்கும். ஆனால் நிமிடத்துக்கு நூற்று முப்பது வரைதான். அதற்குமேல் கூட்டிப் போகாது. மீறி ஓடினால் கால் கனத்து, மூச்சு வாங்கி, நின்றுவிட வேண்டியிருக்கும்.

"நூத்தி அம்பது வெக்க முடியாதா?"

"மேடம், தையல் போட்ட ரத்தம்கூட இன்னும் காயல" என்றார். "மூணு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம். அதுவரைக்கும் ஒரே ரூல். ஓடும்போது பேச முடியணும். பேச முடியலேன்னா நீங்க வேகமா ஓடுறீங்க."

நூற்று முப்பதில் நான் ஏரியைச் சுற்றி ஓடினால் அதை ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு மணி நேரக் குறி அன்றைக்கே செத்துவிட்டது. உயிர் திரும்பக் கிடைத்த சந்தோஷத்துக்கு நடுவே அதற்கும் கொஞ்சம் துக்கம் கொண்டாடினேன், பொய் சொல்வானேன்.

பொது வார்டில் மூன்று நாள் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் நீலசந்திராவிலிருந்து வந்த பேபி அக்கா. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், கட்டட வேலைக்குப் போகிறவர். இதய வால்வை மாற்றியிருந்தார்கள். தினமும் நடக்கச் சொல்லியிருந்ததால், நெஞ்சைத் தலையணையால் அணைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் மெல்ல மெல்லப் போய்வருவார். நான் சும்மா இருக்கலாம் அல்லவா? படுத்தபடியே எண்ணினேன்.

"அக்கா, இன்னிக்கு ஒன்பது ரவுண்டு. நேத்தைக்கு ஆறு தான்."

அவருக்கு ஒரே குஷி. மாலையில் பதினொன்று. மறுநாள் காலை பதினைந்து எடுக்கிறேன் பார் என்று கிளம்பினார். பதின்மூன்றில் சுவரைப் பிடித்து நின்றுவிட்டார், சிஸ்டர் ஓடிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஒன்றும் ஆகவில்லை, களைப்புதான். கட்டிலுக்கு வந்ததும் பேபி அக்கா என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரு, நல்லா கணக்கு சொன்ன போ. அந்தக் கோடி ஜன்னலாண்ட ஒரு மே ஃபிளவர் மரம் கீது. செவசெவன்னு பூத்துக்கினு. அத்தப் பாக்கத்தான் நான் தெனம் அம்மாந்தூரம் போறது. இன்னிக்கு எண்ணிக்கினே போயி எண்ணிக்கினே வந்துட்டேன், மரத்தப் பாக்கவே இல்ல."

"மன்னிச்சுக்கங்க அக்கா" என்றேன்.

"நீ போயி பாத்துட்டு வா. எனக்கு இப்ப முடியல. பூ கொட்டிருச்சா, இருக்குதான்னு சொல்லு."

போனேன். முந்தின இரவு மழையில் பாதி கொட்டிக் கீழே சிமெண்ட் தரையெல்லாம் சிவப்பாகக் கிடந்தது, பாதி மரத்தில் இருந்தது. வந்து சொன்னேன். எத்தனை அடி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபிறகு ஆறு வாரம் இடது கையைத் தோளுக்குமேல் தூக்கக்கூடாது, கம்பி நகர்ந்துவிடும். அனிதா தலை வாரிவிட்டாள். ரவிக்கைக் கொக்கி மாட்டிவிட்டாள். ஆரோக்கியராஜ் சமைத்த ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது, அப்படியே ஊற்றிச் சாப்பிட்டேன். ஜூனில் பள்ளி திறந்ததும் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதிப் பாடம் நடத்தினேன். பின் பெஞ்சுப் பிள்ளைகள் எம்பி எம்பிப் பார்த்தார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்ததும் ஏரிக்குப் போனோம். கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன், இல்லை, ஆரோக்கியராஜ் எடுத்து ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டார். ஓடும்போது பேச முடிய வேண்டுமே, என்ன பேசுவது? அவரோடு பேசினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அவர்தான் யோசனை சொன்னார்.

"ஜெபமால சொல்லிக்கினே ஓடு. அருள் நிறைந்த மரியே ஒண்ணு முழுசா மூச்சு முட்டாம வருதா பாரு. வரலேன்னா ஸ்லோ பண்ணு."

ஓடினேன். அவர் பக்கத்தில் நடந்து வந்தார். ஆமாம், நான் ஓட, அவர் நடந்து என்னோடு சமமாக வந்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். பழைய வேகத்தில் ஜெபம் சொன்னால் மூச்சு முட்டியது. எனவே ஓட்டத்தை மட்டும் மெதுவாக்கினால் போதாது, ஜெபத்தையும் மெதுவாக்க வேண்டியிருந்தது. முப்பது வருடமாக உதட்டால் விரட்டிக்கொண்டிருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக நின்று நிதானமாக வந்தன. கடைசி வரியில் "எங்கள் மரண நேரத்திலும்" என்று வருகிறதே, மே மாதம் நான் விழுந்த இடத்தைத் தாண்டும்போது அந்த வார்த்தை வாயில் இருந்தது. குரல் உடைந்துவிட்டது. ஆரோக்கியராஜ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, மீதியை அவர் சொன்னார்.

ஆறு வருடமாக அந்த ஏரியைச் சுற்றியிருக்கிறேன். ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. கடவுளிடம் கேட்டதெல்லாம் மூன்று நிமிடம். கால் இருந்தது, மூச்சு இருந்தது, காலை வெயில் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது, நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. இவை எல்லாம் கொடுத்தவரிடம் போய், கடிகாரத்தைக் காட்டிக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று ஜெபமாலையில் எத்தனை மணி உருட்டினேன் என்பது பாதியில் மறந்துபோனது. திரும்ப ஆரம்பிக்கத் தோன்றவில்லை. இதயம் துடிப்பது தெரிந்தது, அதை ஒரு இயந்திரம் தள்ளிக்கொண்டிருந்தாலும் அது என் இதயம்தான் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. இதைவிட விளக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மாதச் சோதனைக்கு ஆகஸ்ட் கடைசியில் போனேன். தோளின்மேல் ஒரு வட்டத் தகட்டை வைத்தால் கருவி தன்னிடமுள்ளதையெல்லாம் கணினிக்குச் சொல்லிவிடுகிறது. டாக்டரம்மா திரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல நூத்தி இருவது வருது. ஓடுறீங்க, இல்லயா? நல்லது. நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, இப்ப நூத்தி அம்பது வரைக்கும் ஏத்தலாம். ஏத்தட்டுமா?"

ஆரோக்கியராஜ் என்னைப் பார்த்தார். அந்த மூன்று நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? ஆசைகூட எட்டிப் பார்த்தது. ஆனால் நூற்றைம்பதில் ஓடினால் வாயில் ஜெபம் நிற்காது.

"இருக்கட்டும் டாக்டர்" என்றேன். "இப்ப இருக்கறதே நல்லா இருக்கு. மனசு மாறினா வந்து கேக்கறேன்."

செப்டம்பரில் மாதா திருவிழா. ஊரே வேண்டுதலுக்குக் காவி உடுத்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தது. நாங்களும் நடந்தோம். எங்கள் வழக்கத்தில், உடம்பில் எந்த உறுப்புக்கு நோய் வந்து தீர்ந்ததோ, அந்த உறுப்பைப் போல வெள்ளித் தகட்டில் செய்து மாதாவுக்குக் காணிக்கை வைப்பார்கள். கண், கை, வயிறு, இதயம் எல்லாம் வாசல் கடைகளில் தொங்கும். மே மாதம் ஆரோக்கியராஜ் வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு நான் வரிசையில் நிற்க, அவர் கடையில் வாங்கியதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். பீடத்தருகே வந்து பிரித்தார்.

அது ஒரு கால். முழங்காலுக்குக் கீழே, பாதத்தோடு.

"என்னங்க இது? நோவு நெஞ்சுலதானே வந்துச்சு? கால எதுக்கு வாங்கினீங்க?"

"நெஞ்சுக்கு டாக்டரம்மா இருந்தாங்க, மெஷின் இருந்துச்சு" என்றார். கூட்டம் பின்னால் நெருக்கியது, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொத நாளு மத்தியானம் ஐசியூல என்ன உள்ள விட்டாங்க இல்ல. நீ தூங்கிக்கினு இருந்த. கழுத்துல கம்பி, அசையவே இல்ல. பெட்ஷீட்டுக்குள்ள மட்டும் ரெண்டு காலும் ஓடிக்கினே இருந்துச்சு. மெதுவா, ஒண்ணு மாத்தி ஒண்ணு. நான் பாத்துக்கினே நின்னேன். இத நிறுத்திடாத மாதாவேன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கத் தோணல."

எவ்வளவு நேரம் ஓடினேன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் கையிலிருந்து அந்தக் காலை வாங்கி மாதாவின் முன்னால் வைத்தேன்.